லாஸ் ஏஞ்சல்ஸ் ஓசோன்: குறைத்தும் எட்டாத வரம்பு

காற்று மாசுக் கட்டுப்பாட்டில் உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர் எது என்று கேட்டால் லாஸ் ஏஞ்சல்ஸ் என்பார்கள். அமெரிக்காவில் ஓசோன் (வானில் உயரே நம்மைக் காக்கும் படலமல்ல, தரையோரக் காற்றில் மூச்சைக் கெடுக்கும் அதே வாயு) மிக மோசமாக இருக்கும் பெருநகரப் பகுதி எது என்று கேட்டாலும் பெரும்பாலான ஆண்டுகளில் அதே பதில்தான் வரும். இரண்டும் உண்மை. 80 ஆண்டுகளாக விதி மேல் விதி போட்டு, மாசைப் பெருமளவு குறைத்தும் சட்டம் சொல்லும் வரம்பை அந்த ஊர் இதுவரை தொடவில்லை.

விதிகள் தோற்றுவிட்டன என்று சிலர் இதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரம்பை ஒருவர் வகுக்கிறார், அதை எட்டும் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டுகிறார்கள், மிச்சமிருக்கும் மாசின் சாவி மூன்றாமவர் கையில் இருக்கிறது. சிக்கல் அங்கேதான். அதைப் புரிந்துகொள்ள 1943-இல் இருந்து தொடங்க வேண்டும்.

ஆலையை மூடினார்கள், புகை போகவில்லை

1943 ஜூலை 26 அன்று நகர மையத்தில் புகைமூட்டம் இறங்கியது. கண் எரிந்தது, தொண்டை கரித்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். அப்புறம் பழி, அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்த ஆலையின் மீது விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள். புகைமூட்டம் நிற்கவில்லை.

1947-இல் கலிபோர்னியா ஆளுநர் எர்ல் வாரன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டிக்கென்று (பல ஊர்களை அடக்கிய நிர்வாகப் பகுதி) தனியாக ஒரு காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்டம் அமைந்தது. நாட்டிலேயே அந்த மாதிரி அமைப்பு அதுதான் முதல். புகைபோக்கிகளையும் சுத்திகரிப்பு ஆலைகளின் கந்தகத்தையும் கட்டுப்படுத்தினார்கள். அன்றைக்குத் தெரிந்த மாசு, லண்டன் மாதிரி நிலக்கரிப் புகையும் கந்தகமும்தான். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டம் அந்த வகையே இல்லை. குளிரில் வராது, நல்ல வெயிலில்தான் வரும். செடிகளின் இலை கருகும், கார் டயர் சீக்கிரம் வெடிப்பு விடும்.

முடிச்சை அவிழ்த்தவர் கால்டெக்கில் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) வேலை பார்த்த டச்சு உயிர்வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மித். அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப் பழத்தின் வாசனையை. பழத்தின் மணத்தைக் குளிரவைத்துத் திரவமாகப் பிடிக்கும் அதே கருவியில் வெளிக்காற்றை இழுத்துவிட்டார். நாற்றமடிக்கும் பழுப்புத் திரவம் சில துளி தேறியது. அதைப் பிரித்துப் பார்த்து, 1950-களின் தொடக்கத்தில் ஒரு விளக்கம் சொன்னார். காரிலிருந்தும் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் வரும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன என்பதுதான் அது. ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அவர் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ரப்பர் துண்டை வளைத்துக் காற்றில் வைத்துவிட்டு, முதல் வெடிப்பு விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார். ஓசோன் அதிகமென்றால் சில நிமிடங்களிலேயே ரப்பர் வாய் பிளந்துவிடும்.

எண்ணெய் நிறுவனங்கள் இதை ஏற்கவில்லை. அவர்கள் பணம் கொடுத்து வைத்திருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம் அவருடைய முடிவைக் கேள்வி கேட்டது. கார் நிறுவனங்களும் அதே வழிதான். 1953-இல் கவுன்டி மேற்பார்வையாளர் கென்னத் ஹான், ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, புகைப்பிரச்சினைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வண்டியின் புகை காற்றில் சட்டென்று கலைந்துவிடும், கவலைப்பட ஒன்றுமில்லை என்கிற தொனியில் பதில் வந்தது. புகை குறைக்கும் சாதனங்களைத் தள்ளிப்போடக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்தன என்று மத்திய அரசின் நீதி அமைச்சகமே 1969-இல் வழக்குப் போட்டது. அந்த ஆண்டே சமரச ஆணையில் வழக்கு முடிந்தது.

1955-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான உச்ச அளவு 680 பிபிபி. பிபிபி என்பது நூறு கோடிப் பங்கில் ஒரு பங்கு. இன்றைய அமெரிக்க வரம்பு, 8 மணி நேரச் சராசரியில், 70. (அந்த 680 ஒரு குறுகிய நேர உச்சம் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. இருந்தாலும் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று காட்டிவிடும்.)

சின்னச் சின்ன விதிகளின் காலம்

ஓசோனை யாரும் வெளியே விடுவதில்லை. எந்தக் குழாயிலிருந்தும் அது வருவதில்லை, காற்றிலேயே சமைகிறது. ஆகவே ஓசோனைத் தடை செய்ய முடியாது, அதன் மூலப்பொருள்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஒன்று நைட்ரஜன் ஆக்சைடுகள், பேச்சுவழக்கில் நாக்ஸ். எதை எரித்தாலும் வரும். இன்னொன்று ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், அதாவது விஓசி. பெட்ரோல், பெயின்ட், தின்னர், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாவற்றிலும் உண்டு.

1957-இல் வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் அடுப்புகளுக்குத் தடை வந்தது. லட்சக்கணக்கான வீடுகள் தினமும் எரித்துக்கொண்டிருந்தன. மக்கள் கத்தினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். 1960-களில் எஞ்சினின் கிராங்க்கேஸ் ஆவியை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் சின்ன வால்வு கட்டாயமானது. 1967-இல் ஆளுநர் ரொனால்டு ரீகன் காலத்தில் கலிபோர்னியா காற்று வள வாரியம் பிறந்தது. முதல் தலைவர் அந்த ஹாகன்-ஸ்மித்தேதான். (பின்னர் அவரைப் பதவியிலிருந்து எடுத்ததும் ரீகன்தான்.) அதே 1967-இல் மத்திய சட்டம் கலிபோர்னியாவுக்கு ஒரு தனிச் சலுகை கொடுத்தது. மற்ற மாநிலங்கள் வண்டிகளுக்குத் தனி மாசு விதி போட முடியாது, கலிபோர்னியா மட்டும் மத்திய அரசிடம் விலக்கு கேட்டு வாங்கிப் போடலாம். இந்த விலக்கை மறந்துவிட வேண்டாம், கதையின் கடைசியில் மறுபடி வரும்.

1975-இல் வண்டிப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதோடு ஈயமில்லாப் பெட்ரோல். 1977-இல் நான்கு கவுன்டிகளைச் சேர்த்துத் தெற்குக் கடற்கரை காற்றுத் தர மேலாண்மை மாவட்டம் உருவானது. இனி இதைச் சுருக்கமாக 'மாவட்டம்' என்கிறேன். இன்று ஏறக்குறைய 1.7 கோடிப் பேர் இதன் கீழ் வாழ்கிறார்கள். 1984-இல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை, 1996-இல் கலவை மாற்றிய பெட்ரோல்.

நடுவே வந்த ஒரு விதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கலிபோர்னியா பெட்ரோல் பங்கில் குழாய்முனையைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருந்தது. தொட்டியில் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே இருந்த ஆவி வெளியே தள்ளப்படும். நம்மூரில் பங்கில் நிற்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அதுதான். அந்த உறை தொட்டியின் வாயை மூடி ஆவியைப் பிடிக்கும், இன்னொரு குழாய் அதைத் திரும்ப நிலத்தடித் தொட்டிக்கே அனுப்பும். அழுத்திப் பிடிக்காவிட்டால் பெட்ரோல் இறங்காது. ஓட்டுநர்களுக்கு அது பெரிய தொல்லை. ஆனாலும் அந்த மாதிரி நூறு தொல்லைகள் சேர்ந்துதான் ஓசோன் அளவை இறக்கின.

இறங்கவும் செய்தது. பள்ளியில் விளையாட்டை நிறுத்தச் சொல்லும் 'முதல் கட்ட எச்சரிக்கை' 1970-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு நூறு நாளுக்கு மேல் அறிவிக்கப்பட்டது. 1999-இல் ஒரு நாள்கூட இல்லை. அந்த ஆண்டு மோசமான ஊர் என்ற பெயரை ஹூஸ்டன் தட்டிக்கொண்டு போனது. இதற்கிடையே மக்கள் தொகையும் வண்டிகளும் ஏறிக்கொண்டேதான் இருந்தன. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வரம்பு யார் கையில், கெடு யார் கழுத்தில்

1970-இன் தூய காற்றுச் சட்டம் வேலையை இப்படிப் பங்கு பிரித்தது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சுருக்கமாக இபிஏ, உடல்நலத்தை மட்டும் பார்த்து வரம்பை வகுக்கும். மாநிலம் அதை எட்டத் திட்டம் போட்டுக் கொடுக்கும். வரம்பை வகுக்கும்போது எவ்வளவு செலவாகும் என்று பார்க்கலாமா? கூடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியாக அறியப்பட்ட நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா.

அதனால் அறிவியல் முன்னேற முன்னேற வரம்பு கீழே இறங்கியது. 1979-இல் ஒரு மணி நேரத்துக்கு 120 பிபிபி. 1997-இல் 8 மணி நேரத்துக்கு 80, 2008-இல் 75, 2015-இல் 70. நடுவே 2011-இல் இன்னும் இறக்க இபிஏ தயாரானபோது, பொருளாதாரம் தள்ளாடுகிறது என்று சொல்லி அதிபர் ஒபாமாவே வரைவைத் திரும்பப் பெற வைத்தார். செலவைப் பார்க்கக் கூடாதுதான், ஆனால் தேர்தலைப் பார்க்கக் கூடாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லையே.

வரம்பை இறக்கியதற்குக் காரணம் இருக்கிறது. தெற்கு கலிபோர்னியாவின் 12 ஊர்களில் பள்ளிக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஓசோன் அதிகமுள்ள ஊர்களில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விளையாட்டுகள் ஆடிய குழந்தைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வரும் வாய்ப்பு, விளையாடாத குழந்தைகளைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஓசோன் குறைவான ஊர்களில் அப்படி இல்லை.

எட்டியதாக எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒவ்வொரு நிலையத்திலும் ஆண்டின் நான்காவது மோசமான நாளின் 8 மணி நேர அளவை எடுத்து, மூன்று ஆண்டுக்குச் சராசரி போடுவார்கள். எந்த நிலையத்தில் அது மிக அதிகமோ, அந்த எண்தான் மொத்தப் பகுதிக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த மோசமான நிலையம் பொதுவாகக் கடற்கரையில் இருக்காது. மாசு கிளம்புவது மேற்கே, துறைமுகமும் நெடுஞ்சாலைகளும் இருக்கும் பக்கம். கடற்காற்று அதைக் கிழக்கே தள்ளும், மேலே சூடான காற்று மூடிபோட்டு அழுத்தும், வடக்கிலும் கிழக்கிலும் மலை மறிக்கும். வழியெல்லாம் வெயிலில் வெந்து சான் பெர்னார்டினோ, ரெட்லண்ட்ஸ் பக்கம் போய்ச் சேரும்போது ஓசோன் உச்சத்தில் இருக்கும். மாசு விடுவது ஒருவர், மூச்சுவிடுவது இன்னொருவர்.

கெடு எத்தனை ஆண்டு என்பது எவ்வளவு மோசம் என்பதைப் பொறுத்தது. சட்டத்தில் 'விளிம்பு' தொடங்கி 'அதிதீவிரம்' வரை ஐந்து படிகள். கடைசிப் படிக்கு 20 ஆண்டு அவகாசம். அதற்கு விலையும் உண்டு, ஆண்டுக்கு 10 டன் விடுகிற சின்ன ஆலைகூடப் 'பெரிய ஆலை' ஆகிவிடும், அனுமதி கடுமையாகும். அப்படியிருந்தும் 1997 வரம்புக்கு, எங்களை அதிதீவிரம் என்று அறிவியுங்கள் என்று கலிபோர்னியாவே விண்ணப்பித்தது. 2010-இல் இபிஏ அப்படியே செய்தது. கூடுதல் ஆண்டுகளும் கிடைத்தன, வேறெந்தப் படியிலும் இல்லாத ஒரு வசதியும் கிடைத்தது. இன்னும் கண்டுபிடிக்காத தொழில்நுட்பம் இத்தனை டன்னைக் குறைக்கும் என்று திட்டத்தில் எழுதிவைக்கலாம்! அதிகாரிகள் இதற்கு வைத்த பெயர் 'கறுப்புப் பெட்டி'.

இந்தியாவில் 2009 முதல் 8 மணி நேர ஓசோன் வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அமெரிக்காவின் 70 பிபிபி ஏறத்தாழ 140 மைக்ரோகிராம் ஆகும், ஆக தாளில் நம் வரம்புதான் கண்டிப்பு. ஆனால் எட்டாவிட்டால் எந்தத் தேதியில் யாருக்கு என்ன ஆகும் என்று நம் வரம்போடு சேர்த்து எழுதப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏன் ஓசோன் ஏறுகிறது

1990-களிலேயே கவனிக்கப்பட்ட விநோதம் இது. ஞாயிற்றுக்கிழமை லாரிகள் குறையும், நாக்ஸ் குறையும், ஓசோன் மட்டும் ஏறும். காரணம் வேதியியலில் இருக்கிறது. வெயில் நைட்ரஜன் டை ஆக்சைடை உடைக்கும், கழன்ற ஆக்சிஜன் அணு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகும். மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனையே திரும்பத் தின்றுவிடும். விஓசி உள்ளே நுழைந்தால்தான் இந்தச் சமநிலை குலைந்து ஓசோன் குவியும். நாக்ஸ் அளவுக்கு மீறி இருக்கும் நகரத்தில் அதைக் கொஞ்சம் குறைத்தால், ஓசோனைத் தின்னும் வாயும் குறைகிறது. நிறையக் குறைத்தால்தான் ஓசோன் இறங்கத் தொடங்கும். அதாவது நடுவே ஒரு மேடு இருக்கிறது, ஏறித்தான் இறங்க வேண்டும்.

இதைக் காட்டி, நாக்ஸைத் தொடாதீர்கள், விஓசியை மட்டும் குறையுங்கள் என்று வாதாடியவர்கள் உண்டு. அது முழுப் பொய்யில்லை, ஆனால் அரைகுறை. விஓசியில் எளிதாக எடுக்கக்கூடியதை எடுத்தாகிவிட்டது. அமெரிக்க நகரங்களில் பெட்ரோலிய மூலத்திலிருந்து வரும் விஓசியில் ஏறத்தாழ பாதி, இப்போது பெயின்ட், பசை, சோப்பு, வாசனைப் பொருள் போன்றவற்றிலிருந்து வருகிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. வீடுவீடாகப் போய் சென்ட் பாட்டிலைப் பிடுங்க முடியாது. ஆகவே மேட்டைக் கடந்து நாக்ஸைப் பெருமளவு குறைப்பதுதான் வழி என்று மாவட்டம் முடிவெடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

மேட்டில் நிற்கும் காலம் கொடுமையானது. 2010-களில் செலவு ஏறியது, எண் அசையவில்லை. 2020-இல் கொரோனாவால் தெருவில் கார்கள் குறைந்தன. எல்லோரும் நீல வானத்தைப் படம் எடுத்துப் போட்டார்கள். அந்த ஆண்டுதான் 157 நாட்கள் வரம்பு மீறியது, 1997-க்குப் பிறகு மிக அதிகம். செப்டம்பர் 6 அன்று கவுன்டியின் வுட்லண்ட் ஹில்ஸில் வெப்பம் 121 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, நகர மையத்தில் ஓசோன் 185 பிபிபி வரை போனது. கார் குறைந்தாலும் சரக்கு லாரி குறையவில்லை, வெயிலோ கூடியிருந்தது.

சாவி இல்லாதவனுக்குத் தண்டனை

இன்று அங்கே வரும் நாக்ஸில் 80 சதவீதத்துக்கு மேல் ஓடுகிற, மிதக்கிற, பறக்கிற எஞ்சின்களுடையது. லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் என்ற இரட்டைத் துறைமுகங்கள் வழியாக நாட்டின் கொள்கலன் இறக்குமதியில் ஏறக்குறைய 40 சதவீதம் வருகிறது. கப்பல், ரயில் எஞ்சின், விமானம் ஆகியவற்றுக்கு விதி போடும் அதிகாரம் பெரும்பாலும் மத்திய அரசுக்கும் பன்னாட்டு அமைப்புகளுக்கும்தான். லாரிக்கு மாநிலம் போடலாம், அதற்கும் மத்திய விலக்கு வேண்டும். மாவட்டத்தின் நேரடிப் பிடியில் இருப்பது ஆலைகளும் கொதிகலன்களும்தான். அவற்றை ஏற்கெனவே பிழிந்தாகிவிட்டது.

லாரி எஞ்சினின் நாக்ஸ் வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள் என்று மாவட்டம் 2016-இல் இபிஏவிடம் மனுக் கொடுத்தது. விதி வந்தது 2022 டிசம்பரில், அதுவும் 2027 மாடல் வண்டிகளுக்கு. ஆனால் 80 பிபிபி வரம்பை 2023-க்குள் எட்டியாக வேண்டும் என்பது சட்டம். எட்டவில்லை. கறுப்புப் பெட்டியில் எழுதியதற்கு மாற்று வழி காட்டும் திட்டத்தை 2019 முடிவில் கலிபோர்னியா கொடுத்தபோது, குறைக்க வேண்டியதில் பெரும்பங்கை மத்திய அரசின் பெயரில் எழுதிவைத்தது. கப்பலும் விமானமும் உங்களுடையவை, நீங்கள் குறையுங்கள் என்று அர்த்தம். மாநிலம் மத்திய அரசுக்கு வேலை ஒதுக்க முடியாது என்று சொல்லி அதை நிராகரிக்கப் போவதாக இபிஏ 2024-இல் அறிவித்தது. அப்படி நிராகரித்தால் மத்திய நெடுஞ்சாலை நிதி நிற்கும் அபாயம் வரை போகும். சட்டப்படி பார்த்தால் இபிஏ சொன்னது சரிதான். நியாயப்படி பார்த்தால் சிரிப்பு வருகிறது.

அபராதமும் இதே கோணல்தான். கெடு தாண்டினால் பெரிய ஆலைகள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் விடும் ஒவ்வொரு டன்னுக்கும் 1990 மதிப்பில் 5,000 டாலர் வீதம் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். லாரிக்கும் கப்பலுக்கும் அந்த அபராதம் கிடையாது.

மாவட்டம் சும்மா இருக்கவில்லை. 2021 மே மாதம் ஒரு புத்திசாலித்தனமான விதி போட்டது. லாரியைக் கட்டுப்படுத்த முடியாது, லாரி வந்து நிற்கும் கிடங்கைக் கட்டுப்படுத்தலாமே! ஒரு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட கிடங்குகள், வந்துபோகும் லாரிகளுக்கு ஏற்பப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். மின்சார லாரி வரவழைத்தால் புள்ளி, சார்ஜர் வைத்தால் புள்ளி, எதுவும் செய்யாவிட்டால் பணம். லாரிச் சங்கம் வழக்குப் போட்டது, 2023 டிசம்பரில் மத்திய நீதிமன்றம் விதியை உறுதி செய்தது.

2022 டிசம்பரில் 70 பிபிபிக்கான திட்டத்தை மாவட்டம் ஏற்றது. கெடு 2038 ஆகஸ்ட், நடைமுறையில் 2037. ஏற்கெனவே போட்ட விதிகள் எல்லாம் முழுதாகப் பலித்த பிறகும், மிச்ச நாக்ஸில் இன்னும் 67 சதவீதம் குறைய வேண்டும் என்கிறது அந்தத் திட்டம். எரியும் எதுவாக இருந்தாலும் முடிந்த இடத்திலெல்லாம் எரியாததாக மாற வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அப்புறம் 2025 வந்தது. ஜனவரியில், புதிய மத்திய அரசு பதவியேற்பதற்குச் சில நாள் முன்பு, ரயில் எஞ்சின் விதிக்கும் நிறுவனங்கள் வைத்திருக்கும் லாரிகளை மின்சாரமாக்கும் விதிக்கும் கேட்டிருந்த விலக்கு மனுக்களைக் கலிபோர்னியா தானே திரும்பப் பெற்றது. மறுக்கப்பட்டு முத்திரை விழுவதற்குப் பதில் இது மேல் என்ற கணக்காக இருக்கலாம். ஜூன் 6 அன்று, வீட்டு எரிவாயு ஹீட்டர்களைப் படிப்படியாக மாற்றச் சொல்லும் இரு விதிகளை மாவட்டத்தின் வாரியமே 7-க்கு 5 என்ற வாக்கில் நிராகரித்தது. சாவி தன் கையில் இருந்த அபூர்வமான இடம் அது, அங்கேயும் வீட்டுக்காரர்களின் செலவு குறித்த அச்சம் வென்றது. இந்த ஒன்றுக்கு வாஷிங்டனைப் பழி சொல்ல முடியாது. ஜூன் 12 அன்று, ஏற்கெனவே கிடைத்திருந்த மூன்று விலக்குகளை ரத்து செய்யும் தீர்மானங்களில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அவற்றில் ஒன்று, மாவட்டம் 2016 முதல் கேட்டுவந்த லாரி நாக்ஸ் வரம்பின் மாநில வடிவம். கலிபோர்னியா அன்றே வழக்குத் தொடுத்தது.

ரத்தானவை விலக்குகள் மட்டும்தான். 75 பிபிபிக்கான 2032 ஜூலைக் கெடுவும், 70-க்கான 2038 கெடுவும், டன்னுக்கு இத்தனை டாலர் என்ற பிரிவும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன.